சத்தமில்லாமல் திரும்பிப்போகும் வாடிக்கையாளர்

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒருநாள் சாயங்காலம், நண்பர் ஒருவர் தன் போனில் புடவை வாங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியர், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அம்மாவுக்குப் பருத்திப் புடவை எடுக்க வேண்டும், மூவாயிரம் ரூபாய் வரைக்கும் போகலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடையின் இணையதளத்தைத் திறந்தார். போனில் டாக்பேக் ஓடுகிறது. விரல் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கே இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் அது. முதல் புடவையைத் தொட்டார். "படம், ஐஎம்ஜி நாலு நாலு ஏழு ஒன்று" என்றது. இரண்டாவதைத் தொட்டார். "படம், ஐஎம்ஜி நாலு நாலு ஏழு இரண்டு." நிறம் இல்லை, ரகம் இல்லை, கரை எப்படி என்று இல்லை. நான் பக்கத்தில் இருந்ததால் என்னைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து வரிசையாக "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று மூன்று வந்தன. எது கூடையில் போடுவது, எது விருப்பப் பட்டியல், எது வாட்ஸ்அப்பில் பகிர்வது என்று எதற்கும் பெயர் இல்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார். பின்கோடு போட்டார், முகவரி போட்டார். கடைசியில் பணம் செலுத்தும் பட்டனுக்கு விரலை எப்படி நகர்த்தினாலும் திரைவாசிப்பான் அந்த இடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. என் கண்ணுக்கு அது பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது, அவர் போனுக்கு அங்கே ஒன்றுமே கிடையாது. கால் மணி நேரம் போராடிவிட்டு மூடினார். வேறொரு செயலியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் வேறு புடவை வாங்கிவிட்டார்.

கோபப்படவில்லை, புகார் எழுதவில்லை, ஒற்றை நட்சத்திரம் போடவில்லை. "தினம் நடக்கிறதுதானே" என்றார், அவ்வளவுதான். அந்தக் கடைக்காரர் மறுநாள் கணக்கைப் பார்த்திருந்தால் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் பட்டியலில் ஒரு எண் கூடியிருக்கும். விலை அதிகமோ, டெலிவரி கட்டணம் அதிகமோ என்று யோசித்து இன்னொரு பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்திருப்பார். தள்ளுபடி கொடுத்தாலும் அந்த பட்டன் வேலை செய்யப்போவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இணையதளம் செய்வதில் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் தனி வரியாக வராது. கடைக்குச் சக்கரநாற்காலியில் ஒருவர் வந்து படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனால் வாசலில் இருக்கும் காவலாளியாவது பார்ப்பார். இணையத்தில் அப்படிப் பார்ப்பவர் யாரும் இல்லை. உரிமை என்ற அடிப்படையில் இதைச் செய்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் முதலாளியோடு உட்கார்ந்து பேசும்போது உரிமையைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார்கள், பணத்தைப் பற்றிச் சொன்னால்தான் நோட்டை எடுப்பார்கள். அதனால் இங்கே பணத்தைப் பற்றியே பேசுகிறேன்.

எத்தனை பேர் என்பதில் ஆரம்பிப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகள். அதாவது ஆறு பேரில் ஒருவர். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது 2.68 கோடி, மொத்த மக்களில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். உலகக் கணக்குக்கும் இந்தியக் கணக்குக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், எதைக் குறைபாடு என்று எண்ணினார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2011-ல் எட்டு வகைகளாகத்தான் கேட்டார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் தன் பிள்ளைக்கு இருக்கும் குறையைச் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்று நமக்கே தெரியும். ஆக 2.21 என்பதை நம்பி "நம்ம வாடிக்கையாளர்களில் இப்படி யாரும் இல்லை" என்று முடிவு செய்வது சரியில்லை. அவர்கள் உள்ளே வர முடியாததால்தான் வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை.

இந்தத் திரும்பிப்போகிறவர்களை எண்ணிப் பார்க்கும் முயற்சி பிரிட்டனில் நடந்தது. கிளிக் அவே பவுண்டு என்ற பெயரில் 2016-லும் 2019-லும் ஆய்வு செய்தார்கள். தடங்கல் வந்தால் அந்தத் தளத்தை விட்டுவிட்டு வேறிடம் போய்விடுவோம் என்று 2019-ல் சொன்னவர்கள் 69 சதவீதம். அப்படி இடம் மாறிய பணம் ஒரு வருடத்துக்கு 1,710 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். இதெல்லாம் மதிப்பீடுதான், ரூபாய் அணா சுத்தமான கணக்கு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, தளத்தில் பிரச்சனை இருக்கிறது என்று உரிமையாளருக்குத் தெரியப்படுத்துகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்னொன்று, அதே பொருள் வேறிடத்தில் விலை குறைவாகக் கிடைத்தாலும் சுலபமாக வாங்க முடிகிற தளத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று சொன்னவர்கள் 86 சதவீதம். விலையைக் குறைத்துக் குறைத்தே வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் பார்க்கும் வியாபாரிகள் இந்த எண்ணை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும்.

சரி, சுலபமாக்குவது என்றால் என்ன செய்வது? மென்பொருள்காரர்கள் ஆக்சசிபிலிட்டி என்பார்கள், தமிழில் அணுகல்தன்மை. இதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதிகள் இருக்கின்றன. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-ல் முதல் பதிப்பை வெளியிட்டது, கடைசியாக 2023 அக்டோபரில் 2.2 வந்தது. இந்திய தரநிர்ணய அமைவனமும் ஐஎஸ் 17802 என்று தனித் தரம் வைத்திருக்கிறது. படிக்கப் பெரிதாக இருந்தாலும் அடிப்படை சின்னதுதான். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுது. பட்டனுக்குப் பெயர் வை. பூர்த்தி செய்யும் கட்டத்துக்கு மேலே அது எதற்கான கட்டம் என்று சொல். எழுத்துக்கும் பின்னணிக்கும் போதுமான நிற வேறுபாடு வை, அதற்குக் குறைந்தபட்ச அளவு 4.5-க்கு 1. மவுஸ் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் வைத்து எல்லா வேலையும் செய்ய முடிய வேண்டும். வீடியோவுக்கு எழுத்து ஓடவிடு.

என் நண்பருக்கு அந்தப் பச்சைப் பட்டன் ஏன் கேட்கவில்லை என்று பிறகு பார்த்தேன். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பட்டன் என்றே ஒரு உறுப்பு உண்டு, அதைப் போட்டால் உலாவி மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு வெறும் பெட்டி ஒன்றை வைத்து, பச்சை அடித்து, மூலையை வளைத்து, அழுத்தினால் வேலை செய்யும்படி செய்திருந்தார்கள். உள்ளே எழுத்துகூட இல்லை, எழுத்தும் ஒரு படம். கண்ணுள்ளவருக்கு அது பட்டன், திரைவாசிப்பானுக்கு அது ஒன்றுமில்லாத வெற்றிடம். அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ய அனுபவமுள்ள ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

இது ஏதோ ஒரு கடையின் தனிக் கதையும் இல்லை. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை, சராசரியாக ஒரு பக்கத்துக்கு 51. அதில் கவனிக்க வேண்டியது, கண்டுபிடித்த பிழைகளில் 96 சதவீதம் வெறும் ஆறே ஆறு வகைக்குள் அடங்குகிறது. மங்கலான எழுத்து, படத்துக்கு விவரம் இல்லாதது, கட்டத்துக்குப் பெயர் இல்லாதது, வெற்று இணைப்பு, வெற்றுப் பட்டன், பக்கத்தின் மொழி எது என்று குறிப்பிடாதது. இந்த ஆறையும் சரிசெய்ய ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். ஒரு வேலை இவ்வளவு சின்னதாக இருந்தும் இத்தனை பேர் செய்யவில்லை என்றால், முதலில் செய்கிற கடைக்குக் களம் காலியாகக் கிடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வியாபாரக் கதைகளில் பழையதும் எனக்குப் பிடித்ததும் டெஸ்கோ கதை. பிரிட்டனின் மளிகைப் பேரங்காடி. 2001-ல் அங்குள்ள பார்வையற்றோருக்கான ராயல் தேசிய நிறுவனத்தோடு சேர்ந்து, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே மளிகை வாங்கும்படி டெஸ்கோ ஆக்சஸ் என்று எளிமையான ஒரு தளத்தைத் திறந்தார்கள். செலவு 35,000 பவுண்டு. அதன் வழியாக வருடத்துக்கு 1.3 கோடி பவுண்டுக்கு வியாபாரம் நடந்தது. அது தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் மெதுவாக வந்த டயல்அப் காலம். படங்கள் குறைவாக, இணைப்புகள் தெளிவாக, பக்கம் சட்டென்று திறந்ததால் பார்வையில் எந்தக் குறையும் இல்லாதவர்களும் இந்தத் தளத்துக்கு வந்தார்கள். ஆகவே அந்த 1.3 கோடி முழுவதும் பார்வையற்றவர்கள் செலவழித்தது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என்னைக் கேட்டால் அதுதான் இந்தக் கதையின் சாரமே. ஒருவருக்காகச் செய்த வழி பலருக்கும் சுலபமாக இருந்தது. பின்னால் டெஸ்கோவும் தனித்தளத்தை விட்டுவிட்டு அந்த வசதிகளைப் பிரதான தளத்திலேயே சேர்த்தது. தனிவாசல் வைத்தால் சலுகைகளும் புதிய வசதிகளும் அங்கே எப்போதுமே தாமதமாகத்தான் வந்து சேரும், ஒரே வாசலை எல்லோருக்கும் அகலமாக வைப்பதுதான் நல்லது.

இரண்டாவது லாபம் தேடுபொறி. கூகுளின் தேடல் நிரல் வந்து உங்கள் பக்கத்தைப் படிக்கும்போது அது பார்வையற்ற ஒரு வாசகரைப் போலத்தான் பெரும்பாலும் படிக்கிறது. தலைப்பு எது, இணைப்பின் பெயர் என்ன, படத்துக்கு என்ன விவரம் என்று எழுத்து வடிவில் இருப்பதைத்தான் அது நம்புகிறது. 'ஐஎம்ஜி 4471' என்று கிடக்கும் புடவைப் படத்துக்கு 'மஞ்சள் உடல், அரக்குக் கரை, செட்டிநாடு பருத்திப் புடவை' என்று விவரம் எழுதினால் என் நண்பருக்குப் புடவை தெரியும், அதைத் தேடும் ஆயிரம் பேருக்குக் கடையும் தெரியும். பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனமான லீகல் அண்ட் ஜெனரல் 2005 வாக்கில் தன் தளத்தை அணுகல்தன்மை விதிகளின்படி மாற்றியமைத்தபோது, தேடுபொறி வழியாக வருகிறவர்கள் 24 மணி நேரத்தில் 25 சதவீதம் கூடினார்கள், போகப்போக அது 50 சதவீதமானது. பராமரிப்புச் செலவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. போட்ட பணம் ஒரே வருடத்தில் திரும்பியது. அவர்கள் பழைய குப்பையான நிரல் வரிகளையும் கூடவே சுத்தம் செய்தார்கள் என்பதால் எல்லாப் பெருமையும் அணுகல்தன்மைக்கு மட்டும் போகாது. ஆனால் அணுகல்தன்மைக்காக உட்காரும்போதுதான் அந்தக் குப்பையும் கண்ணில் படுகிறது, இது என் அனுபவமும்கூட.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு பிரச்சனை உண்டு. இன்னமும் எத்தனையோ பேர் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். உள்ளே பார்த்தால் ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று கிடக்கும். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும், கூகுளும் அதைத்தான் படிக்கும். விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம், பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு என்று எத்தனையோ தமிழ் ஆவணங்கள் இப்படி இணையத்தில் இருந்தும் இல்லாதவையாகக் கிடக்கின்றன. இன்னும் சிலர் தமிழ் எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்று முழு அறிவிப்பையும் படமாகவே போடுகிறார்கள், விளைவு அதேதான். அதோடு பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சொல் குறிப்பிட வேண்டும். அது இல்லாவிட்டால் சில திரைவாசிப்பான்கள் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்கப் பார்த்துத் திணறும், சில வாயே திறக்காது. யுனிகோடில் தட்டச்சு செய்வதும் அந்த மொழிக்குறியைச் சேர்ப்பதும் பைசா செலவில்லாத வேலைகள். கேட்பதற்குக் கருவியும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது.

வீடியோவுக்கு எழுத்து ஓடவிடுவது மூன்றாவது. காது கேளாதவர்களுக்காக வந்த வசதி இது. ஆனால் பிரிட்டனில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பு 2006-ல் கணக்கெடுத்தபோது வசனம் போட்டுப் பார்க்கும் 75 லட்சம் பேரில் 60 லட்சம் பேருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. இன்றைக்குத் தாம்பரம் ரயிலில் ஹெட்போன் இல்லாமல் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள், இதற்கு வேறு ஆய்வு தேவையே இல்லை. திஸ் அமெரிக்கன் லைஃப் என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி தன் பழைய ஒலிப்பதிவுகளுக்கெல்லாம் எழுத்து வடிவம் போட்டபோது தேடுபொறி வழி வருகை 6.68 சதவீதம் கூடியது. பெரிய எண் இல்லைதான். ஆனால் விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் வந்த கூட்டம் அது, வருடாவருடம் வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் வயதானவர்கள். இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. 2011-லேயே இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. இவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே கிடையாது. கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியவில்லை, விரல் லேசாக நடுங்குகிறது, ஓடிபி வந்து அதைப் பார்த்து ஞாபகம் வைத்துத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஓய்வூதியம், வைப்புத்தொகை, மருந்துச்சீட்டு, பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று கையில் பணமும் வாங்கும் தேவையும் உள்ளவர்கள் இவர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் பெரிய திரையில் நாசூக்காகத் தெரியும். அதே பக்கத்தை உச்சிவெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு இருபது வயதுப் பையன் பார்த்தால் அவனுக்கும் தெரியாது. கையில் குழந்தையோடு ஒரே கட்டைவிரலால் போனை இயக்கும் அம்மாவும், கை ஒடிந்து மாவுக்கட்டில் இருப்பவரும், ஒரு கை இல்லாதவரும் அந்த நேரத்தில் கேட்பது ஒரே வசதியைத்தான். பட்டன் விரல் படும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் போதும்.

இனி சட்டம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நிலைமை உண்மையிலேயே மாறிவிட்டது. அமெரிக்காவில் 2006-ல் டார்கெட் கடைகளின் தளத்தை எதிர்த்துத் தேசிய பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. படங்களுக்கு விவரம் இல்லை, மவுஸ் இல்லாமல் வாங்க முடியவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு, என் நண்பர் பட்ட அதே பாடு. 2008-ல் 60 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் ஆனது. டோமினோஸ் வழக்கு இன்னும் தெளிவு. பார்வையற்ற ஒருவர் தளத்திலும் செயலியிலும் பீட்சா வாங்க முடியவில்லை என்று 2016-ல் வழக்குப் போட்டார். நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2019 அக்டோபரில் அங்கே விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். 2022-ல்தான் சமரசமாக முடிந்தது. ஆறு வருடம் வக்கீல் கட்டணம், ஆறு வருடம் செய்தித்தாளில் கெட்ட பெயர். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டாலே தளத்தைச் சரிசெய்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் இது வெறும் ஆலோசனையாக இருந்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு அதைவிட நெருக்கமானது. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டினால்தான் உயிருள்ளவர் என்று முறைமை ஏற்கும் என்றார்கள். அவரால் சிமிட்ட முடியாது. கண் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை மென்பொருள் ஆள் இல்லை என்கிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணைய வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. மூன்று மாதத்தில், 2025 ஜூலை 31 அன்று, தன் கட்டுப்பாட்டில் உள்ள பங்குத் தரகர்கள், பரஸ்பர நிதி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தளங்களை இப்படி மாற்ற வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி சுற்றறிக்கை விட்டது. நிதித்துறையில் ஆரம்பித்திருக்கிறது, மற்ற துறைகளுக்கு வர அதிக காலம் ஆகாது என்பது என் கணிப்பு.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாட்டுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இது ஏற்கனவே வாசலுக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. இணையக் கடை, வங்கிச் சேவை, மின்னூல், பயணச்சீட்டு எல்லாம் அதில் வரும். கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும் ஐரோப்பிய நுகர்வோருக்கு விற்றால் பொருந்தும், பத்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்குத்தான் விலக்கு. அமெரிக்க மத்திய அரசுக்கு விற்க வேண்டுமென்றால் 508-வது பிரிவின்படி உங்கள் மென்பொருள் எந்த அளவுக்கு விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை கையில் இருக்கும் சின்ன நிறுவனம், அது இல்லாத பெரிய நிறுவனத்தை டெண்டரிலேயே தாண்டிப் போகலாம்.

இந்தப் பரபரப்பில் குறுக்குவழி விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு வரி நிரலைச் சேருங்கள், ஓரத்தில் சின்ன மனித உருவம் போட்ட பட்டன் வரும், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பார்கள். வாங்காதீர்கள். இப்படி விற்ற ஆக்சசிபி நிறுவனம் மீது, எந்தத் தளத்தையும் விதிகளுக்கு ஏற்ப மாற்றிவிடும் என்று தவறாக விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பெயரில்லாத பட்டனுக்கு உள்ளே போய்ப் பெயர் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீடு கட்டும்போதே குழாய் பதித்தால் குழாய்க்கான காசு மட்டும்தான். டைல்ஸ் ஒட்டி, சுண்ணாம்பு அடித்து, கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு ஞாபகம் வந்தால் சுவரை உடைக்கும் கூலியும் சேரும். புதிதாகத் தளம் செய்கிறவர்கள் ஒப்பந்தத்திலேயே டபிள்யூ3சி விதிகளின் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள இரட்டை ஏ நிலைக்கு இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து, முடித்துக் கொடுக்கும்போது திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சோதித்துப் பார்த்தால் போதும். கூலி கொடுத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், அது அவர்களின் தொழில்திறமை, உதவி கேட்டு வாங்கிப்போகும் விஷயம் இல்லை. பழைய தளம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. பணம் வரும் பாதையில் ஆரம்பியுங்கள்: தேடுவது, பொருள் பக்கம், கூடை, முகவரி, பணம் செலுத்துவது. இன்றைக்கு ராத்திரி கடை மூடியதும் கணினியில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையையும் என்டரையும் மட்டும் வைத்து உங்கள் தளத்தில் ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கேதான் வாடிக்கையாளரும் சிக்கிக்கொண்டிருக்கிறார்.

என் நண்பர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், பார்வையற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களுமாக நிறையப் பேர் உள்ள குழு. பெரும்பாலும் குரல் செய்திகள்தான் ஓடும். எந்தச் செயலியின் புதிய பதிப்பில் பணம் கட்ட முடியவில்லை, எந்தக் கடையில் இப்போது அளவு தேர்ந்தெடுக்க முடிகிறது, எந்த வங்கியில் ஓடிபி கட்டத்தை டாக்பேக் ஒழுங்காகப் படிக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்குப் புடவை வாங்கி முடித்ததும் அவர் அந்தக் குழுவில் முப்பது விநாடிக்கு ஒரு குரல் செய்தி போட்டார். வாங்க முடியாமல் போன கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கிய கடையின் பெயர், நிறமும் கரையும் எழுதியிருக்கிறார்கள், கடைசிப் பட்டன் வரைக்கும் படிக்கிறது, தீபாவளிக்கு எடுக்க வேண்டியவர்கள் இதில் எடுக்கலாம். நான் எழுந்து காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் ஏழு பேர் பதில் போட்டிருந்தார்கள், அதில் மூன்று பேர் கேட்டது லிங்க்.